கேலக்ஸிக் கொத்தை ஒளியால் எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியல் பேசப் போகும் இடங்களில், மெல்லிய ஒளிவளைவுகள் நிறைந்த ஒரு கொத்தின் படத்தைத் திரையில் போட்டால் போதும், கேள்விகள் வரத் தொடங்கிவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விண்மீன் மண்டலத்தைக் கேலக்ஸி என்றே எழுதுகிறேன். நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல், ஒன்றையொன்று ஈர்த்துச் சேர்ந்திருக்கும் கூட்டமே கொத்து. ஒளி எதுவும் தராமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்வது கரும்பொருள். எடை என்று நான் சொல்லுமிடத்திலெல்லாம் இயற்பியலில் நிறை எனப்படுவதையே குறிக்கிறேன்.

ஈர்ப்பு வில்லை என்றால் என்ன?

நிறையுள்ள எந்தப் பொருளும் தன்னைச் சுற்றியுள்ள வெளியை வளைக்கிறது. அந்த வெளியைக் கடக்கும் ஒளியும் கூடவே வளைகிறது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சொல்வது இதைத்தான். சூரியனின் விளிம்பை உரசி வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை விலக வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. நியூட்டனின் ஈர்ப்பை வைத்துக் கணக்கிட்டால் இதில் பாதிதான் வரும். 1919 மே 29 அன்று முழுச் சூரிய கிரகணத்தின்போது, ஆப்பிரிக்கக் கரையை அடுத்த பிரின்சிபி தீவிலும் பிரேசிலின் சோப்ரால் ஊரிலும் பிரிட்டிஷ் குழுவினர் எடுத்த படங்கள் ஐன்ஸ்டைனின் பக்கம் நின்றன.

விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. ஒரு ரூபாய் நாணயத்தை நாலரை கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அது எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அவ்வளவுதான். பெரிய கேலக்ஸிக் கொத்து ஒன்று தனக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியை 30, 40 விகலைகூட இடம்பெயர்த்துக் காட்டும். பின்னாலுள்ள ஒரே கேலக்ஸி மூன்றாகவோ ஐந்தாகவோ தெரியலாம், வில்லாக நீளலாம்.

வில்லை என்றவுடன் கேமரா லென்ஸை நினைத்துவிட வேண்டாம். அதில் மையத்தின் வழியே வரும் ஒளி நேராகச் செல்லும், விளிம்பில் வருவது அதிகம் வளையும். ஈர்ப்பு வில்லையில் இது தலைகீழ்: மையத்துக்கு அருகே வளைவு மிகுதி, விலக விலகக் குறைவு. குவியப் புள்ளி என்று ஒன்று கிடையாது. அடி கனத்த கண்ணாடி டம்ளர் ஒன்றைச் செய்தித்தாளின் மேல் வைத்து, மேலிருந்து பார்த்தபடியே மெல்ல நகர்த்துங்கள். ஓர் எழுத்து நீண்டு வளையும், ஓரிடத்தில் இரண்டாகும், இன்னும் நகர்த்தினால் விளிம்போடு ஒட்டிய கோடாகிவிடும். ஈர்ப்பு வில்லைக்கு அதுவே நெருங்கிய உறவு.

இதை முதலில் யோசித்தவர் யார்?

1936-இல் ருடி மாண்டல் என்ற செக் நாட்டுப் பொறியாளர் ஐன்ஸ்டைனை விடாமல் வற்புறுத்தியதன் பேரில், ஒரு விண்மீன் இன்னொரு விண்மீனின் ஒளியை எப்படி வளைக்கும் என்று அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். இதை நேரில் காணும் வாய்ப்பு அநேகமாக இல்லை என்றும் அதிலேயே சொல்லிவிட்டார். விண்மீன்களைப் பொறுத்தவரை அன்றைய கருவிகளுக்கு அது சரியான கூற்று.

அடுத்த ஆண்டே வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி வேறு கோணத்தில் பார்த்தார். விண்மீனை விடுங்கள், கேலக்ஸிகளையும் கொத்துகளையும் பாருங்கள். அவை நிச்சயம் வில்லைகளாகச் செயல்படும், அதை வைத்து அவற்றின் எடையையே அளக்கலாம் என்றார். 1933-இலேயே கோமா கொத்தில் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் பொருள் மட்டும் இருந்தால் கொத்து சிதறிப்போயிருக்கும் என்று கண்டவர் அவர். அந்த எடையைச் சரிபார்க்க வேறு வழி தேடிக்கொண்டிருந்தவருக்குத்தான் இது தோன்றியிருக்க முடியும்.

ஸ்விக்கி சொன்னது நடக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1979-இல் இரட்டையாகத் தெரிந்த ஒரு குவாசர் (கருந்துளையைச் சுற்றி மிகப் பிரகாசமாக ஒளிரும் தொலைதூரக் கேலக்ஸி மையம்) உண்மையில் ஒன்றே என்று தெரியவந்தது. 1980-களின் நடுவில் ஏபெல் 370 என்ற கொத்தில் நீண்ட ஒளிவில் ஒன்றை அமெரிக்கக் குழுவும் பிரெஞ்சுக் குழுவும் தனித்தனியே கண்டன. அது என்ன என்று சில காலம் யாருக்கும் விளங்கவில்லை. 1988-இல் அதன் செம்பெயர்ச்சி அளக்கப்பட்டது. பிரபஞ்சம் விரிவதால் ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதே செம்பெயர்ச்சி; அது கூடினால் தொலைவும் கூடுதல். கொத்தின் செம்பெயர்ச்சி 0.37, வில்லினுடையது 0.72. கொத்திலிருந்து ஒளி நமக்கு வர ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகள் ஆகின்றன, வில்லிலிருந்து 650 கோடி ஆண்டுகள். வில் கொத்துக்குள் இல்லை, வெகு தொலைவு பின்னால் இருந்தது.

தனிக் கேலக்ஸியும் ஒளியை வளைக்குமே, கொத்து எதற்கு?

தன் ஈர்ப்பால் தன்னைக் கட்டிவைத்துக்கொண்ட பொருள்களில் கொத்தைவிடப் பெரியது பிரபஞ்சத்தில் இல்லை. ஒரு கொத்தின் எடை கோடி கோடி சூரியன்களிலிருந்து பத்துக் கோடி கோடி சூரியன்கள் வரை இருக்கும். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, ஒன்றுக்குப் பின் பதினான்கு சுழி என்ற எண்ணைத் தமிழில் சொன்னால் கோடி கோடி என்றே வரும். இதில் விண்மீன்களின் பங்கு நூற்றில் சில மட்டுமே. கேலக்ஸிகளுக்கு இடையே பல கோடி பாகை வெப்பத்தில் பரவிக் கிடக்கும் வாயு அதைப்போலப் பல மடங்கு. மீதி, ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு, கரும்பொருள்.

இன்னொரு காரணமும் உண்டு. தனிக் கேலக்ஸியின் மையத்தில் வாயு குளிர்வது, விண்மீன் பிறப்பது, வெடிப்பது, கருந்துளை வீசியெறிவது எனச் சிக்கல்கள் ஏராளம். கொத்து போன்ற பெரிய பொருளின் மொத்த எடையை இவையெல்லாம் பெரிதாக மாற்றிவிடுவதில்லை. அங்கே ஈர்ப்பே ஆள்கிறது. அதனால் கோட்பாட்டோடு நேருக்கு நேர் ஒப்பிட முடிகிறது.

படத்தைப் பார்த்து எடையை எப்படிச் சொல்கிறார்கள்?

இரண்டு வழிகள் உண்டு. கொத்தின் நடுப்பகுதியில் வளைவு வலுவானது. ஒரே கேலக்ஸியின் பல பிம்பங்கள் அங்கே கிடைக்கும். நிறமும் செம்பெயர்ச்சியும் ஒத்துப்போனால் இவை ஒன்றின் பிரதிகள் என்று உறுதிசெய்துகொண்டு, எந்த இடத்தில் எவ்வளவு நிறை இருந்தால் பிம்பங்கள் இப்படி விழும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். இது வலுவான வில்லை.

வெளிப்பகுதியில் வில்களும் இல்லை, பிரதிகளும் இல்லை. பின்னணிக் கேலக்ஸி ஒவ்வொன்றும் மிக மிகச் சிறிதளவு நீட்டப்பட்டிருக்கும், அவ்வளவுதான். கேலக்ஸிகளோ இயல்பிலேயே நீள்வட்டமாகத் தெரிபவை. எது இயல்பு, எது கொத்து செய்த வேலை என்று ஒன்றைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நாற்று வயலில் ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு நாற்றைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. வயல் முழுவதையும் பார்த்தால் சொல்லிவிடலாம். அதே கதைதான் இங்கும். கேலக்ஸியின் இயல்பான நீட்சியை 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்து ஏற்படுத்தும் நீட்சி 0.05. நூறு கேலக்ஸிகளின் சராசரியை எடுத்தால் இயல்பு நீட்சிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 0.03 அளவுக்கு இறங்கிவிடும். தொள்ளாயிரம் கேலக்ஸிகள் என்றால் 0.01. இப்போது கொத்தின் 0.05 தெளிவாக மேலே நிற்கும். இந்த நீட்சி எல்லாத் திசையிலும் இராது, கொத்தைச் சுற்றி வட்டமாக, கோயிலைச் சுற்றும் பிரகாரம் போல அமையும். இதுவே வலுக்குறைந்த வில்லை. 1990-இல் டைசன், வால்டெஸ், வெங்க் மூவரும் இதைக் கொத்துகளில் முதன்முதலாகத் தெளிவாகக் காட்டினார்கள். 1993-இல் கைசரும் ஸ்குவயர்ஸும் இந்த நீட்சிகளிலிருந்து நிறை வரைபடத்தை நேரடியாக வரையும் முறையைத் தந்தார்கள்.

இதற்குள் ஓர் அருமையான சோதனையும் அடங்கியிருக்கிறது. அளந்த ஒவ்வொரு வடிவத்தையும் 45 பாகை திருப்பிவிட்டு அதே சராசரியைப் போட்டால் விடை சுழியாக வேண்டும். ஈர்ப்பு அந்த மாதிரித் திருகலை உண்டாக்காது. சுழி வரவில்லையென்றால் தவறு வானத்தில் இல்லை, நம் கருவியிலோ கணக்கிலோ இருக்கிறது.

கொத்தின் எடை தெரிந்துவிட்டது. அதனால் பிரபஞ்சத்தைப் பற்றி என்ன தெரியும்?

கொத்துகளை எண்ண முடியும். எந்தக் காலத்தில், எந்த எடையில், எத்தனை கொத்துகள் இருந்தன என்ற பட்டியலே நமக்கு வேண்டியது.

ஆரம்பப் பிரபஞ்சத்தில் பொருள் ஏறத்தாழச் சீராகப் பரவியிருந்தது, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு மேடுகள். மேடு அக்கம்பக்கத்துப் பொருளை இழுத்து மேலும் மேடாகும். மிக உயர்ந்த மேடுகள் கொத்துகளாயின. மொத்தம் எவ்வளவு பொருள் இருக்கிறது, மேடுபள்ளம் எவ்வளவு கரடு என்ற இரண்டையும் பொறுத்தே பெருங்கொத்துகளின் எண்ணிக்கை அமையும். மறுபக்கம் கரும் ஆற்றல் பிரபஞ்ச விரிவை வேகப்படுத்தி, பொருள் ஒன்றுசேர்வதைத் தடுக்கிறது. ஆகவே 700 கோடி ஆண்டுகளுக்கு முன் எத்தனை கொத்துகள், இன்று எத்தனை என்று ஒப்பிட்டால் அந்த இழுபறியின் வரலாறு தெரியும்.

மேடுபள்ளத்தின் அளவைச் சிக்மா-8 என்பார்கள். ஏறத்தாழ 3.7 கோடி ஒளியாண்டு ஆரமுள்ள கோளங்களாகப் பிரபஞ்சத்தைப் பிரித்தால், கோளத்துக்குக் கோளம் பொருள் எவ்வளவு கூடிக்குறைகிறது என்பதே அது. பொருளின் மொத்த அளவையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினால் எஸ்-8. பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவின்படி அது 0.83. பிரபஞ்சம் பிறந்து 3.8 லட்சம் ஆண்டுகள் ஆனபோது புறப்பட்ட ஒளியை வைத்து, நம் கோட்பாடு சரியென்றால் இன்று இவ்வளவு மேடுபள்ளம் இருக்க வேண்டும் என்று சொல்லும் முன்கணிப்பு அது. கொத்துகளோ இன்றைய நிலையை நேரே காட்டுபவை. இரண்டும் பொருந்துகின்றனவா என்பதுதான் கேள்வி.

எடையில் செய்யும் சிறு தவறு இங்கே பெருந்தவறாகிவிடும். எடை கூடக்கூடக் கொத்துகளின் எண்ணிக்கை செங்குத்தாகச் சரிகிறது. எல்லாக் கொத்தையும் கொஞ்சம் குறைத்து எடைபோட்டுவிட்டால் பெருங்கொத்துகளே அரிது என்ற முடிவுக்கு வருவோம். பிரபஞ்சத்தையே தவறாகப் படித்துவிடுவோம். இந்தத் துறையின் முழு உழைப்பும் தராசைச் சரிபார்ப்பதில்தான் போகிறது என்று சொன்னால் மிகையில்லை.

எடைபோட வேறு வழிகள் இல்லையா?

இருக்கின்றன. வெப்ப வாயு எக்ஸ் கதிர்களை வீசுகிறது, அதன் வெப்பத்திலிருந்து எடையைக் கணிக்கலாம். அதே வாயு நுண்ணலைப் பின்னணியின் ஒளியைச் சிதறடித்து அதில் ஒரு நிழல் போன்ற தடம் பதிக்கிறது, அதையும் அளக்கலாம். கேலக்ஸிகளை வெறுமனே எண்ணலாம். கொத்துகளைக் கண்டுபிடிப்பதற்கு இவை எல்லாமே மிக நல்ல வழிகள்.

எடைபோட வரும்போது இவை ஒரு நிபந்தனை வைக்கின்றன. எக்ஸ் கதிர் முறை, வாயு அலைபாயாமல் அமைதியாக, அழுத்தமும் ஈர்ப்பும் சமமாக நிற்கிறது என்று நம்புகிறது. பல கொத்துகள் அப்படி இல்லை. புதிய கூட்டங்கள் வந்து மோதியபடியே இருக்கின்றன. வாயு சுழித்துக் கொந்தளித்தால் கணக்கு குறைத்துச் சொல்லும். ஈர்ப்பு வில்லைக்கு இந்தக் கவலை இல்லை. உள்ளே இருப்பது வாயுவா, விண்மீனா, கரும்பொருளா, அசையாமல் நிற்கிறதா, மோதிக்கொண்டிருக்கிறதா என்று ஒளி கேட்பதே இல்லை. மொத்த நிறைக்கு ஏற்ப வளைகிறது.

பிளாங்க் விண்கலத்தின் அனுபவமே இதற்கு நல்ல பாடம். நுண்ணலைப் பின்னணியை வைத்து அது எதிர்பார்த்த கொத்துகளில் ஏறத்தாழப் பாதியே வானத்தில் கிடைத்தன என்று 2013-இல் செய்தி வந்தபோது பரபரப்பு எழுந்தது. கோட்பாடு தவறா, நியூட்ரினோக்கள் என்னும் மிக மெல்லிய துகள்கள் நினைத்ததைவிடக் கனமானவையா என்றெல்லாம் பேசினார்கள். எக்ஸ் கதிரை அடிப்படையாகக் கொண்ட எடைகள் உண்மையில் 58 விழுக்காட்டளவே காட்டின என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்திவிடும் என்பது 2015-ஆம் ஆண்டுக் கணக்கு. வலுக்குறைந்த வில்லை முறையில் அதே கொத்துகளில் சிலவற்றை எடைபோட்ட குழுக்களில் ஒன்று 69 விழுக்காடு என்றது, இன்னொன்று 78 என்றது. தராசு குறைத்துக் காட்டியது உண்மை. ஆனால் இடைவெளி முழுவதையும் அடைக்கும் அளவுக்கா என்பது அன்று தெளிவாகவில்லை.

இன்று கணக்குகள் ஒத்துப்போகின்றனவா?

மூன்று முடிவுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

சிலியிலிருந்து வானத்தை அளந்த டார்க் எனர்ஜி சர்வே, தன் முதலாண்டுத் தரவில் கேலக்ஸி எண்ணிக்கையால் கண்டெடுத்த கொத்துகளை வில்லை முறையில் எடைபோட்டு 2020-இல் வெளியிட்ட எஸ்-8 மதிப்பு 0.65. பிளாங்கிடமிருந்து வெகுதூரம். அதே ஆய்வின் மற்ற அளவீடுகளோடும் அது ஒட்டவில்லை. புதிய இயற்பியல் என்று அந்தக் குழு கொண்டாடவில்லை. சிறிய கொத்துகளின் எடையில் நமக்குப் புரியாத கோளாறு இருக்கிறது என்று தானே எழுதியது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

தென்துருவத் தொலைநோக்கி நுண்ணலை நிழலை வைத்துக் கண்ட 1,005 கொத்துகளை, டார்க் எனர்ஜி சர்வே, ஹபிள் விண்தொலைநோக்கி இரண்டின் வில்லை அளவீடுகளோடு சேர்த்து 2024-இல் வந்த விடை 0.795. பிழை எல்லை 0.029. பிளாங்கோடு பெரிய சண்டை இல்லை.

அதே 2024-இல் ஈரோசிட்டா வந்தது. 2019 ஜூலையில் ஏவப்பட்ட ஜெர்மானிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அது. முதல் ஆறு மாத வான்வலத்தில் கண்டவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த 5,259 கொத்துகளை மூன்று வில்லை ஆய்வுகளின் உதவியோடு எடைபோட்டுப் பெற்ற எஸ்-8 மதிப்பு 0.86, பிழை 0.01. இது பிளாங்கைவிடச் சற்று மேலே நிற்கிறது.

0.65, 0.795, 0.86. ஒரே பிரபஞ்சம், மூன்று விடைகள். கொத்துகளைத் தேடிப்பிடித்த விதமும் எடையைச் சரிபார்த்த விதமும் வேறு வேறு. பிரபஞ்சம் கோட்பாட்டை மீறுகிறது என்று இதை வைத்து முழங்குபவர்களோடு நான் உடன்படவில்லை. முதல் எண்ணை அதைத் தந்தவர்களே நம்பவில்லை. மற்ற இரண்டும் பிளாங்கின் இருபுறமும் நிற்கின்றன.

தவறு எந்த வழியாக நுழைகிறது?

பல வழிகளில். பின்னணிக் கேலக்ஸி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கோடிக்கணக்கானவற்றுக்கு நிறமாலை எடுத்துச் சொல்ல முடியாது. சில வண்ண வடிகட்டிகளின் வழியே கிடைக்கும் நிறத்தை வைத்தே மதிப்பிடுகிறார்கள். கொத்துக்குள்ளேயே இருக்கும் கேலக்ஸியைப் பின்னணி என்று தவறாகச் சேர்த்துவிட்டால், அது வளைக்கப்படாதது என்பதால் சராசரியை நீர்க்கச் செய்துவிடும். பாலில் தண்ணீர் சேர்ந்த கதைதான். கொத்தின் நடுவில் உறுப்பினர்கள் நெருக்கமாக இருப்பதால் அங்கேதான் கலப்படமும் அதிகம்.

வளிமண்டலம் இன்னொரு தொல்லை. தரையிலிருந்து பார்க்கும்போது கேலக்ஸியின் பிம்பம் ஏறத்தாழ ஒரு விகலை அளவுக்கு மழுங்குகிறது. பல பின்னணிக் கேலக்ஸிகளின் அளவே அவ்வளவுதான். மழுங்கிய பொட்டில் நூற்றில் ஒரு பங்கு நீட்சியைத் தேடுகிறோம். இதற்காகக் கணினியில் போலி வானம் செய்து, தெரிந்த நீட்சியை அதில் புகுத்தி, மென்பொருள் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறதா என்று பார்க்கிறார்கள்.

கொத்து உருண்டையல்ல என்பதும் முக்கியம். நீளமான கொத்தின் முனை நம்மை நோக்கியிருந்தால் கூடுதல் எடையாகத் தெரியும், பக்கவாட்டில் இருந்தால் குறைவாக. ஒரே பார்வைக்கோட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு சிறு கொத்துகள் நின்றால் ஒன்றாக எண்ணப்படும். தனித்தனிக் கொத்தில் இதைத் திருத்த முடியாது, நூற்றுக்கணக்கானவற்றின் சராசரியில்தான் அடங்கும்.

இவற்றோடு மனித மனமும் ஒரு பிழை மூலம். எதிர்பார்த்த எண் வந்தவுடன் தவறு தேடுவதை நிறுத்திவிடுகிறோம். அதனால் இன்று பெரிய குழுக்கள் இறுதி எண்ணைத் தங்களிடமிருந்தே மறைத்துவைத்து, எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகே திரையை விலக்குகின்றன.

கரும்பொருள் உண்மையிலேயே இருக்கிறதா, ஈர்ப்பு விதியே தவறாக இருக்கலாமே?

நியாயமான கேள்வி. இதற்குக் கொத்துகள் தந்த மிக வலுவான பதில் புல்லட் கொத்து. வானில் அது இருப்பது கரீனா விண்மீன் குழுவில். நாம் அகத்தியர் என்று அழைக்கும் பிரகாசமான விண்மீனும் அந்தக் குழுவைச் சேர்ந்ததே. இரண்டு கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்ற இடம் அது. கேலக்ஸிகள் இடைவெளிவிட்டு நிற்பவை, மோதாமல் கடந்துவிட்டன. வாயு வாயுவோடு மோதி நடுவில் தங்கிவிட்டது. நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் விண்கலம் அந்த வாயுவைப் படம்பிடித்தது.

விண்மீன்களைவிட வாயுவின் எடை பல மடங்கு. கரும்பொருள் என்று ஒன்று இல்லையென்றால் வில்லை விளைவு வாயு இருக்கும் நடுப்பகுதியைத்தான் சுட்ட வேண்டும். 2006-இல் வெளியான நிறை வரைபடம் வாயுவைவிட்டு விலகி, இருபுறமும் கேலக்ஸிகளோடு நின்றது. எடையில் பெரும்பகுதி எதுவாக இருந்தாலும், அது மோதாமல் கடந்துபோகும் ஒன்று. ஈர்ப்பு விதியை மாற்றி இதை விளக்க முயல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருளைச் சேர்த்துக்கொள்ள வேண்டியே வருகிறது.

ஒரே வெடிப்பை ஓராண்டு கழித்து மீண்டும் பார்த்தார்களாமே?

ஆம், இந்தத் துறையில் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி அது. நார்வே நாட்டு வானியலாளர் ஷூர் ரெஃப்ஸ்தால் 1964-இல் ஒரு யோசனை சொன்னார். வில்லையின் பின்னால் ஒரு விண்மீன் வெடித்தால் அதன் பிம்பங்கள் ஒரே நேரத்தில் தெரியாது. ஒவ்வொரு பிம்பத்தின் ஒளியும் வேறு நீளமுள்ள பாதையில் வருகிறது, வழியில் ஈர்ப்பாலும் தாமதப்படுகிறது. அந்தத் தாமதத்தை அளந்தால் பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கணக்கிடலாம் என்றார்.

2014 நவம்பரில் வானியலாளர் பேட்ரிக் கெல்லி, ஹபிள் எடுத்த படங்களில் மாக்ஸ் ஜே1149 என்ற கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தின் உறுப்பினரான ஒரு கேலக்ஸியைச் சுற்றி நான்கு புதிய புள்ளிகள் சிலுவை வடிவில் நின்றன. பின்னாலுள்ள சுருள் கேலக்ஸி ஒன்றில் 900 கோடி ஆண்டுகளுக்கும் முன் வெடித்த ஒரே சூப்பர்நோவாவின் நான்கு பிம்பங்கள். அதற்கு ரெஃப்ஸ்தால் என்றே பெயர் வைத்தார்கள். 2009-இல் காலமான அவர் இதைப் பார்க்கவில்லை.

அதே சுருள் கேலக்ஸியின் இன்னொரு பிம்பமும் அருகில் சில விகலை தள்ளித் தெரிந்தது. அங்கே வெடிப்பு இன்னும் வந்து சேரவில்லை. எப்போது வரும்? பல குழுக்கள் தத்தம் நிறை வரைபடத்தை வைத்துத் தேதி கணித்து, முன்கூட்டியே எழுதி வெளியிட்டன. 2015 அக்டோபர் இறுதியிலிருந்து ஹபிள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. டிசம்பர் 11 அன்று எடுத்த படத்தில், சொன்ன இடத்தில், சொன்ன காலத்தில், அந்தப் புள்ளி இருந்தது. எங்கே, எப்போது என்று முன்னரே சொல்லி ஒரு சூப்பர்நோவாவைக் கண்டது வரலாற்றில் அதுவே முதல் முறை.

தாமதம் ஏறத்தாழ 376 நாள்கள் என்று 2023-இல் இறுதி செய்தார்கள். அதிலிருந்து கிடைத்த ஹபிள் மாறிலி, அதாவது பிரபஞ்சம் விரியும் வேகம், கணக்கில் சேர்க்கும் வரைபடங்களைப் பொறுத்து 64.8 அல்லது 66.6, ஒரு மெகாபார்செக்கிற்கு (ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டு) வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது அலகு. பிழை நான்கைச் சுற்றி. பிளாங்கின் 67.4-க்கு அருகில், அருகிலுள்ள சூப்பர்நோவாக்களை வைத்துப் பெற்ற 73-லிருந்து சற்று விலகி. ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி 2023-இல் இன்னொரு கொத்தின் பின்னால் கண்ட ஹோப் என்ற சூப்பர்நோவாவோ 75.4 என்றது, அதன் பிழை எல்லை இன்னும் அகலம். இரண்டு வெடிப்புகளை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது. முறை வேலை செய்கிறது என்பது மட்டும் உறுதி.

கரும் ஆற்றலை நேரடியாக அளக்கவும் கொத்து உதவுமா?

உதவும். ஒரு கொத்தின் பின்னால் வெவ்வேறு தொலைவுகளில் பல கேலக்ஸிகள் இருந்தால், எல்லாவற்றையும் வளைப்பது அதே எடை. ஆகவே வளைவுகளை விகிதமாக எடுத்தால் எடை கழிந்துபோய்த் தொலைவுகளின் விகிதம் மிஞ்சும். தொலைவுகள் கரும் ஆற்றலைப் பொறுத்தவை. 2010-இல் ஏபெல் 1689 கொத்தை வைத்து எரிக் ஜூலோ தலைமையிலான குழு இதைச் செய்தது. கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் பிரியம்வதா நடராஜன் அந்தக் குழுவின் முக்கிய உறுப்பினர். கரும் ஆற்றலின் அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம், மற்ற அளவீடுகளோடு சேர்த்துப் பார்க்கையில், −0.97 என்று வந்தது, பிழை 0.07. கரும் ஆற்றல் காலத்தால் மாறாதது என்று கொள்ளும் ஐன்ஸ்டைனின் பிரபஞ்ச மாறிலிக்குரிய −1 இதற்குள் வசதியாக அடங்குகிறது.

நடராஜன் பங்கேற்ற 2020-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று வேறொரு சிக்கலைக் கிளப்பியது. கொத்துக்குள் இருக்கும் தனிக் கேலக்ஸிகள் தாமே சிறு வில்லைகளாகச் செயல்படுவது, கணினிப் பிரபஞ்சங்கள் சொல்வதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் அதிகமாகக் காணப்படுகிறது என்றது அது. கணினி மாதிரிகளின் நுட்பம் போதாததே காரணம் என்று வேறு சிலர் பதில் எழுதினார்கள். விவாதம் தீரவில்லை.

கொத்தை வெறும் பூதக்கண்ணாடியாகவும் பயன்படுத்துகிறார்களா?

தாராளமாக. ஒளி பல மடங்கு பெருகுவதால், சாதாரணமாக எட்டாத தொலைவிலுள்ளவை தெரிகின்றன. 2018-இல் இக்கரஸ் என்று பெயரிட்ட தனி விண்மீன் ஒன்றை, ரெஃப்ஸ்தால் வெடித்த அதே சுருள் கேலக்ஸியில் கண்டார்கள். 2022-இல் எரெண்டில்; அதன் ஒளி 1,290 கோடி ஆண்டுகள் பயணம் செய்தது. அது ஒற்றை விண்மீனா, விண்மீன்களின் சிறு கூட்டமா என்று இன்னும் பேசுகிறார்கள். 2022 ஜூலையில் உலகமே பார்த்த ஜேம்ஸ் வெப்பின் முதல் ஆழ்புலப் படமும் ஒரு கொத்தின் வழியே எடுத்ததுதான். அதைப் பெரிதாக்கி, நடுவில் வெண்மையாக ஒளிரும் கேலக்ஸியைச் சுற்றியுள்ள செந்நிற வில்களை விரலால் தொடர்ந்து பாருங்கள். எல்லாம் ஒரே மையத்தைச் சுற்றும்.

இனி என்ன வரப்போகிறது?

2023 ஜூலை 1 அன்று ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்ளிட் விண்கலம் வானத்தில் மூன்றில் ஒரு பங்கை, 14,000 சதுரப் பாகையை, வளிமண்டலத் தொல்லையின்றிப் படமெடுத்துவருகிறது. சிலியின் செர்ரோ பச்சோன் மலையிலுள்ள ரூபின் ஆய்வகம் 8.4 மீட்டர் ஆடியும் 3,200 மெகாபிக்சல் கேமராவும் கொண்டது. முதல் படங்களை 2025 ஜூனில் வெளியிட்டது. பத்து ஆண்டுகள் தென்வானத்தை மீண்டும் மீண்டும் எடுக்கும் அதன் திட்டம் வில்லையிட்ட வெடிப்புகளுக்குப் பெரிய வலை. நாசாவின் ரோமன் தொலைநோக்கி ஹபிளைப்போல நூறு மடங்கு அகலப் பார்வையோடு வருகிறது. இவற்றின் கொத்துப் பட்டியல்கள் லட்சம் தாண்டும்போது, எடையில் நூற்றில் ஒரு பங்குத் துல்லியம் வேண்டும். இன்றைய வேலையின் பெரும்பகுதி அதற்கான ஆயத்தம்.

நாள் குறித்துவைக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று உண்டு. மாக்ஸ் ஜே0138 என்ற கொத்தின் பின்னால், 2016-இல் ஹபிள் எடுத்த படத்தில் ஒரு சூப்பர்நோவாவின் மூன்று பிம்பங்கள் பதிவாகியிருந்தன. 2019-இல் எடுத்த படத்தோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, அதற்குள் மூன்றும் மறைந்துவிட்டன. அதற்கு ரெக்வியம் என்று பெயர். நான்காவது பிம்பத்தின் ஒளி கொத்தின் நடுப்பகுதி வழியாக மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. 2021-இல் வெளியான கணக்குப்படி அது 2037-ஐ ஒட்டி, இரண்டு ஆண்டு முன்பின்னாக, நம்மை வந்தடைய வேண்டும்.